கோபத்தைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்

டென்மார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்



1980களின் நடுப்பகுதியில் ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, கிரின்ஸ்டெட், வைலெ, ஹோர்சன்ஸ் என்று யூலண்டின் நகரங்களில் வந்து குடியேறிய நம் முதல் தலைமுறை இன்று ஓய்வூதிய வயதை எட்டிக்கொண்டிருக்கிறது. சொந்த வீடு வாங்கியவர்கள் ஒரு பகுதி. குடியிருப்புச் சங்கங்களின் வாடகை வீடுகளிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் இன்னொரு பகுதி. பிள்ளைகள் வெளியேறிய பிறகு, மூத்தோருக்கான கூட்டுக் குடியிருப்புக்குப் போகலாமா என்று யோசிக்கும் வயதும் இதுதான். ஒரே படிக்கட்டையும் ஒரே சலவை அறையையும் ஒரே வாகனத் தரிப்பிடத்தையும் மற்றவர்களோடு பங்குபோட்டு வாழ்கிற உங்கள் எல்லோருக்கும், கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் விளையாட்டுக் கழகத்தையும் கூடி நடத்துகிற உங்களுக்கும், கோபத்தைப் பற்றி எழுதுகிறேன். நம்மவர்கள் இதைப் பொதுவில் கதைப்பதில்லை. கதைக்காததால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கூடி வாழும் இடத்தில் கோபம் வரும். நாம் பதிவு செய்து வைத்த நேரத்தில் வேறொருவரின் துணி இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மேல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் பாட்டுக் கேட்கும். நம் வீட்டுத் தாளிப்பு வாசம் படிக்கட்டெங்கும் பரவுகிறது என்று யாரோ முகம் சுளிப்பார்கள். இவற்றை எதிர்கொள்ள நம்மிடம் இரண்டு பழக்கங்கள் ஊறியிருக்கின்றன. ஒன்று, விழுங்கிவிடுவது. அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறோம். மற்றது, சம்பந்தப்பட்டவரிடம் ஒரு சொல் சொல்லாமல், அவரைத் தெரிந்த மூன்றாம் ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டுவது. அதற்கு மனப்பாரத்தை இறக்குவது என்று பெயர். இந்த இரண்டும் கோபத்தைத் தீர்ப்பதில்லை, வளர்க்கின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது. கூட்டு வாழ்க்கையில் வரும் கோபத்தின் பெரும்பகுதி, நமக்குள் இருந்த ஓர் ஏற்பாடு எங்கோ மீறப்பட்டிருக்கிறது என்ற செய்தி. அது முதலில் சேர வேண்டிய இடம் மீறியவர். அவரோடு தீராவிட்டால் எல்லோரும் சமமாக உட்காரும் கூட்டம். செய்தி சிறியதாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அப்படிப் போய்ச் சேர்வதற்கு ஒரு வழியை முன்கூட்டியே போட்டு வைக்காத சமூகம், அன்பும் உறவும் எவ்வளவு இருந்தாலும், என்றாவது ஒரு நாள் இரண்டாகப் பிளக்கும்.

முதலில் கொட்டித் தீர்ப்பதை எடுத்துக்கொள்வோம். மனதில் உள்ளதைக் கத்தியோ புலம்பியோ வெளியேற்றினால் ஆறும் என்று உலகம் முழுக்க நம்புகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் அறுநூறு மாணவர்களுக்கு வேண்டுமென்றே கோபமூட்டினார். ஒரு பகுதியினரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பகுதியினர் ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக மிஞ்சியிருந்தது. சும்மா இருந்தவர்களே மிகக் குறைவாக ஆக்ரோஷம் காட்டினார்கள். 2024இல் சோஃபி ஷேர்விக் என்பவரும் புஷ்மனும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது. மூச்சை நிதானப்படுத்துவது, தளர்ந்திருப்பது போன்று உடலின் வேகத்தைக் குறைப்பவை கோபத்தைக் குறைத்தன. வேகத்தை ஏற்றுபவை, ஓட்டப்பயிற்சி உட்பட, குறைக்கவில்லை. தொலைபேசியில் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டாரைப் பற்றிப் புலம்புவதும், ஆளை நினைத்துக்கொண்டே குத்துவது போன்றதுதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கூர்மையாகிறது, கேட்பவரும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்.

விழுங்குவதற்கும் ஆய்வு இருக்கிறது. 2003இல் எமிலி பட்லரும் உடன் ஆய்வாளர்களும் முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக உட்கார வைத்து, மனதை வருத்தும் ஒரு படத்தைக் காட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில இணைகளில் ஒருவரிடம் மட்டும், உணர்ச்சியை முகத்தில் காட்ட வேண்டாம் என்று இரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். எதுவும் அறியாமல் எதிரே இருந்தவரின் இரத்த அழுத்தம் ஏறியது. அவர்களுக்குள் நட்பு உருவாவதும் தடைப்பட்டது. அதாவது நாம் விழுங்கிவிட்டோம் என்று நினைப்பது எதிரே இருப்பவரின் உடலுக்குத் தெரிந்துவிடுகிறது. படிக்கட்டில் எதிர்ப்படும்போது முகம் கொடுக்காமல் போகிறோமே, அதை எதிர்வீட்டு டேனிஷ் மூதாட்டி கவனிக்காமல் இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஏன் என்று தெரியாததால் தனக்குத் தெரிந்த காரணம் ஒன்றை அவர் கற்பித்துக்கொள்வார். இனி மறுபக்கம், கோபத்தை நேரே சொன்னால் என்ன ஆகும் என்பது. ஜேம்ஸ் அவெரில் 1982இல் வெளியிட்ட நூலில் அன்றாடக் கோபங்களை ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பாலானவை நன்கு தெரிந்தவர்கள் மீதும் விருப்பமானவர்கள் மீதும் வந்தவை. அடிதடிக்குப் போனவை மிகச் சில. தீமையைவிட நன்மையே அதிகம் விளைந்தது என்று கோபப்பட்டவர்கள் மட்டுமல்ல, கோபத்துக்கு ஆளானவர்களில் பெரும்பான்மையோரும் சொன்னார்கள். தங்கள் பிழை அப்போதுதான் தெரிந்தது என்றார்கள். நேரே போய்ச் சேர்ந்த கோபம் உறவைக் கெடுப்பதைவிடத் திருத்துவதே அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டென்மார்க்கில் பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் 'முரண்பாட்டுப் படிக்கட்டு' என்று ஒன்றைக் கற்பிக்கிறார்கள். 1994இல் தொடங்கிய முரண்பாட்டுத் தீர்வு மையம் அதைப் பரவலாக்கியது. ஆஸ்திரியரான ஃபிரீட்ரிக் கிளாசல் வகுத்த ஒன்பது கட்டங்களை அறிந்தவர்களுக்கு இதன் ஏழு படிகளும் புதியவையாக இரா. முதற்படியில் ஒரு விடயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. இரண்டாம் படியில் விடயம் மறைந்து ஆள் முன்னுக்கு வருகிறார். 'துணி கிடந்தது' என்பது 'அவளுக்கு எப்போதும் இதே வேலை' என்றாகிறது. மூன்றாம் படியில் பழைய கணக்குகள் எல்லாம் சேர்கின்றன. நான்காம் படியில் பேச்சு நிற்கிறது, ஒருவரோடு பேசுவது போய் அவரைப் பற்றிப் பேசுவது தொடங்குகிறது. அதற்கு மேலே எதிரி என்ற உருவம், வெளிப்படையான பகை, இருவரும் ஒரே இடத்தில் இருக்க முடியாத பிளவு. நம் இரண்டு பழக்கங்களையும் இந்தப் படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். விழுங்குகிறவர் முதற்படியில் பேச வேண்டியதைப் பேசாமல் மூன்றாம் படிக்குக் கணக்குச் சேர்க்கிறார். மூன்றாம் ஆளிடம் கொட்டுகிறவர் ஒரே தாவலில் நான்காம் படிக்குப் போய்விடுகிறார். சலவை அறைக் கதவில் பெயரில்லாமல் ஒட்டப்படும் கோபச் சீட்டும் அதே நான்காம் படிதான். நமக்கு மட்டும் உரிய குறை இல்லை இது.

கூடி வாழ்வதை ஒரு கலையாகவே எடுத்துக்கொண்ட டேனியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. 'போஃபெலஸ்கெப்' எனப்படும் கூட்டுக் குடியிருப்பின் வரலாறே அக்கம்பக்கத்துக் கோபத்தில்தான் தொடங்குகிறது. கட்டடக் கலைஞர் யான் குட்மண்ட்-ஹோயரும் நண்பர்களும் 1964இல் கூடிப் பேசி, கொப்பன்ஹேகனுக்கு வெளியே ஹாரெஸ்கோவில், ஒரு பொது வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். அயலவர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. 1967இல் போடில் கிரோ, பிள்ளைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தில் பொலிட்டிகன் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு குட்மண்ட்-ஹோயர் தம் எண்ணத்தை இன்ஃபொர்மேஷன் நாளிதழில் விளக்கினார். இந்த இரண்டு எழுத்துகளாலும் ஈர்க்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்துதான் 1972இல் ஹில்லரோட் அருகே செட்டடாமன், 1973இல் ஸ்க்ரோபிளானெட் என்ற முதல் குடியிருப்புகள் எழுந்தன. 1981இல் பிர்கெரோடில் வண்ட்குன்ஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் குழுவின் வடிவமைப்பில் முப்பத்துமூன்று வீடுகளோடு ட்ருடெஸ்லுண்ட் வந்தது.

இந்தக் குடியிருப்புகளில் என்னை ஈர்ப்பது அவற்றின் அன்பு நிறைந்த சூழல் அல்ல. அன்பை மட்டும் நம்பாததுதான். அதே காலத்தில் இளைஞர்கள் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் கூடி வாழ்ந்த கூட்டு வீடுகளும் நாடெங்கும் இருந்தன. குட்மண்ட்-ஹோயரின் வழி வேறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் கதவு, தன் சமையலறை. அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரு பொது வீடு, முறைபோட்டுச் சமைக்கும் இரவுணவு, வேலைக் குழுக்கள், ஒழுங்கான கூட்டங்கள். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் கூட்டத்துக்கு வரும் கடமையும் ஒரே வரைபடத்தில் இருக்கின்றன. கோபம் சூடாக இருக்கும்போது விலகி இருக்க ஓர் இடம் வேண்டும். ஆறிய பிறகு பேச ஓர் இடம் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் இரண்டும் பயன்படாது. கதவு மட்டும் உள்ள அடுக்குமாடியில் பகை ஊமையாக வளர்கிறது. கூட்டம் மட்டும் உள்ள வீட்டில் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களில் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால் இது விளங்கும். அங்கே அவர்களுக்குக் கதவும் இல்லை, கூட்டத்தில் குரலும் இல்லை.

கூட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் டென்மார்க்கிலேயே பாடம் இருக்கிறது. 1971இல் கொப்பன்ஹேகனில் கைவிடப்பட்ட இராணுவ முகாம் ஒன்றில் தோன்றிய கிறிஸ்டியானியா, வாக்கெடுப்பில்லாமல் எல்லோரும் ஒருமனப்பட்டால்தான் முடிவு என்ற விதியில் இயங்கியது. 1970களின் இறுதியில் ஹெரோயினால் அங்கே ஓராண்டுக்குள் பத்துப் பேர் இறந்தார்கள். குடியிருப்பாளர்களின் துக்கமும் கோபமும் கூட்டங்களில் திரண்டன. 1979இல் அவர்களே நாற்பது நாள் முற்றுகையிட்டு ஹெரோயின் விற்பனையாளர்களை வெளியேற்றினார்கள். கோபம் பொது இடத்தில் சேர்ந்து பொதுச் செயலானால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் கஞ்சாப் பிசின் விற்ற புஷர் தெருவை அதே மக்களால் பல பத்தாண்டுகள் மூட முடியவில்லை. விற்பனை கும்பல்களின் கைக்குப் போனது, எதிர்த்துப் பேசப் பலர் பயந்தார்கள். 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்து நால்வர் காயமடைந்தார்கள். 2024 ஏப்ரல் 6ஆம் நாள் குடியிருப்பாளர்களே அந்தத் தெருவின் கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். ஒருமனம் என்பது கேட்க அழகான விதிதான். ஆனால் அச்சம் புகுந்த கூட்டத்தில், பலமுள்ளவரின் மறுப்புக்குத்தான் அது பயன்படும், பலவீனமானவரின் கோபம் வாய் திறக்காது. ஆகவே கூட்டத்துக்கு விதி வேண்டும், விதியை மீறினால் படிப்படியான விளைவும் வேண்டும். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை, பாசனக் கால்வாய் என்று மக்கள் பொதுவில் நிர்வகித்த சொத்துகளை உலகெங்கும் ஆராய்ந்தார். 1990இல் வெளிவந்த அவருடைய நூல், நீடித்து நிலைத்த சமூகங்களின் பொது இயல்புகளாகச் சொன்னவற்றில் இரண்டு இங்கே பொருந்தும். விதி மீறலுக்குச் சிறிதில் தொடங்கி ஏறும் தண்டனை. பிணக்கைத் தீர்க்க மலிவான, விரைவான, கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இடம்.

அந்த இடம் உங்களில் பலருக்கு ஏற்கெனவே சட்டப்படி இருக்கிறது. டென்மார்க்கில் சுமார் பத்து இலட்சம் பேர் இலாப நோக்கமற்ற குடியிருப்புச் சங்கங்களின் வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பிரிவும் குடியிருப்பாளர் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். வீட்டின் அளவோ வாடகையோ எதுவானாலும் ஒரு வீட்டுக்கு இரண்டு வாக்கு. சத்தம், சலவை நேரம், படிக்கட்டில் செருப்பு, சைக்கிள், குப்பை எல்லாவற்றையும் ஆளும் வீட்டு ஒழுங்கு விதிகளை அந்தக் கூட்டமே தீர்மானிக்கிறது. விதி மீறல் தொடர்ந்தால் ஒவ்வொரு கொம்யூனிலும் குடியிருப்பாளர் முறையீட்டுச் சபை இருக்கிறது. அது எச்சரிக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். மேல்வீட்டுச் சத்தத்தைப் பற்றி நாற்பது பேரிடம் கதைத்திருப்போம். இந்தக் கூட்டத்தின் வாசலை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

இதற்கு எழும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, நம் மரபு பொறுமையைத்தான் போதித்தது என்பது. வள்ளுவர் 31ஆவது அதிகாரம் முழுவதையும் வெகுளாமைக்கு ஒதுக்கியிருக்கிறார், ஔவையும் சினம் தணிய வேண்டும் என்றே பிள்ளைகளுக்குச் சொன்னார், பிறகு ஏன் கோபத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்த அதிகாரத்தின் முதற்குறளை நிதானமாகப் படியுங்கள். தன் சினம் பலிக்கும் இடத்தில், அதாவது தனக்கு அதிகாரம் உள்ள இடத்தில், அதை அடக்குபவரையே வள்ளுவர் சினம் காப்பவராக ஏற்கிறார். பலிக்காத இடத்தில் அடக்குவதை ஒரு பெருமையாக அவர் எண்ணவே இல்லை. நாமோ அந்த அறிவுரையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். கோயில் நிர்வாகி சத்தம் போட்டால் அவருக்குப் பொறுப்பு அதிகம் என்கிறோம். மடைப்பள்ளியில் காலை முதல் நின்ற பெண் ஒரு வார்த்தை கேட்டால் வாய்க்காரி என்கிறோம். பொறு என்ற சொல் கீழே இருப்பவரை நோக்கியே சொல்லப்படுகிறது. அடுத்த குறளில் பலிக்காத இடத்துச் சினமும் தீது என்கிறார் அவர், உண்மைதான். அதற்கு நான் காணும் விடை, பலமற்றவரின் முறையீடும் பலிக்கக்கூடிய ஓர் இடத்தை உண்டாக்குவது. வாக்கு சமமாக உள்ள, பேசும் முறை வரிசையாக வரும் கூட்டம் அப்படிப்பட்டது. அங்கே குரலை உயர்த்தத் தேவையில்லை. கோபம் சினமாகாமல் முறையீடாகவே நிற்க முடியும். அடக்கத்தைப் போதித்தவருக்கு இதில் ஆட்சேபணை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாம் இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர். டேனியர் கோபப்பட்டால் ஒருவர் கோபப்பட்டார் என்பார்கள், நாம் கோபப்பட்டால் ஓர் இனமே கோபக்கார இனம் என்பார்கள். மொழியும் தடுமாறும். எனவே வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு. இந்த அச்சம் கற்பனை இல்லை, இதை நான் இலேசாக ஒதுக்கப் போவதும் இல்லை. ஆனால் நம் சமூகத்தின் பெயராலேயே டேனிஷ் வரலாற்றில் பதிந்துபோன ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், இலங்கையில் காத்திருந்த குடும்பங்களை இங்கே அழைக்கும் விண்ணப்பங்களை முடக்கி வைத்தார். குடும்பத்தை அழைப்பது சட்டம் கொடுத்த உரிமை. கணவர் இங்கே, மனைவியும் பிள்ளைகளும் போருக்குள். அந்தக் காத்திருப்பில் எழுந்த கோபத்துக்கு இணையான கோபம் நம்மவர் வாழ்வில் குறைவு. தனி ஆளின் குமுறலாக அது நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். முறையீடாக, கோப்பாக, விசாரணையாக மாறியது. நாடாளுமன்றத்தின் முறைகேள் அதிகாரி 1989இல் அந்த முடக்கத்தைச் சட்டத்துக்கு முரணானது என்று கண்டார். எதையும் கம்பளத்துக்கடியில் கூட்டித் தள்ளவில்லை என்று பிரதமர் பவுல் ஷ்லூட்டர் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் சொன்னார். நீதிபதி மோன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையிலான விசாரணை ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு நேர்மாறானதைக் காட்டியது. 1993 ஜனவரியில் அரசு பதவி விலகியது. 1995இல் அரச நீதிமன்றம், 1910க்குப் பிறகு நடந்த அதன் முதல் வழக்கில், நின்-ஹன்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பிரிந்திருந்த ஆண்டுகளை அந்தத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை. ஆனாலும், இந்த நாட்டில் எழுத்தில் வைத்த கோபத்துக்குக் காது உண்டு என்பதை நிறுவிய வழக்கு நம்முடையது. ஓர் அமைச்சருக்கு எதிராக நின்ற வழி, மேல்வீட்டுச் சத்தத்துக்கும் போதும். மொழி தடுமாறுபவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுங்கள். எழுதியது தடுமாறாது, முகபாவமும் காட்டாது.

மூன்றாவது, கூட்டம் என்றால் வீண் பேச்சு, முடிவே வராது என்பது. பல கூட்டங்கள் அப்படித்தான் நடக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கூட்டத்துக்கு முந்திய படியை வலியுறுத்துகிறேன். பிணக்குகளில் பெரும்பாலானவை கூட்டம் வரை வரத் தேவையில்லாதவை. ஒரு நாள் ஆறவிட்டு, கதவைத் தட்டி, ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டால் முடிந்துவிடும். 'நேற்றிரவு பன்னிரண்டு மணி வரை சத்தம் கேட்டது, காலை ஐந்து மணிக்கு எனக்கு வேலை, பத்து மணிக்குப் பிறகு குறைக்க முடியுமா?' இவ்வளவுதான். எப்போதும், ஒருபோதும், உங்கள் ஆட்கள் போன்ற சொற்கள் அதில் இல்லை. இதைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும், சொல்லாமல் வைத்திருப்பதற்கு ஆண்டுகள் போகும்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்து வைக்க வேண்டும். அடி, மிரட்டல், பின்தொடர்தல், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஆகியவை நான் பேசுகிற கோபத்தில் சேராதவை. அவற்றைப் பேசித் தீர்க்கச் சொல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். உடனடி ஆபத்துக்கு 112. உறவுக்குள் நடக்கும் வன்முறைக்கு 1888 என்ற தேசிய உதவி எண், எந்த நேரமும், பெயர் சொல்லாமலும் பேசலாம். குடும்ப மானம் என்று சொல்லி அந்த எண்ணை மறைக்கும் பெரியவர்களை நான் மதிக்கவில்லை.

கடைசியாக, நம் சொந்த அமைப்புகள். டேனியர்களோடு பங்குபோடும் படிக்கட்டைவிட இங்கேதான் நாம் அதிகம் தோற்றிருக்கிறோம். ஒரே நகரத்தில் ஒன்றாய் இருந்த சங்கம் இரண்டாகப் பிரிவது, ஒரு விழா இரண்டு மண்டபங்களில் நடப்பது, பிள்ளைகள் யாரோடு விளையாடலாம் என்பதைப் பெற்றோரின் பேச்சுவார்த்தையின்மை தீர்மானிப்பது, இவற்றை அறியாத தமிழர் ஐரோப்பாவில் இருக்க முடியாது. அரசியல் வேறுபாடு காரணமான பிளவுகள் இருக்கின்றன, அவற்றை இந்த மடல் தீர்க்காது. ஆனால் கணக்கறிக்கையைக் கேட்டதற்காக, மேடையில் பெயர் சொல்லாததற்காக, பிள்ளைக்கு நடனத்தில் முன்வரிசை கொடுக்காததற்காகத் தொடங்கிய பகைகளும் அரசியல் சாயம் பூசிக்கொண்டு நடக்கின்றன. அவை முதற்படியில் பேசப்பட்டிருக்கக்கூடியவை. பேசுவதற்கு இடம் இல்லை, ஏனென்றால் நம் பொதுக்கூட்டங்களில் அறிக்கை வாசித்து, நன்றி சொல்லி, தேநீர் கொடுத்து முடிப்பதே வழக்கம். குறை என்ற பேச்சை எடுப்பவர் விழாவைக் கெடுக்க வந்தவர் ஆகிவிடுகிறார். குறை சொல்பவரை வெளியேற்றிவிட்டுக் காக்கும் ஒற்றுமை, வெளியேறியவர் அடுத்த தெருவில் இன்னொரு சங்கம் தொடங்கும் வரைக்கும்தான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வாடகைக் குடியிருப்பில் இருப்பவர்கள் உங்கள் பிரிவின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அழைப்பு குறைந்தது நான்கு வாரம் முன்பே வரும். வழக்கமான நடைமுறைப்படி, எந்தக் குடியிருப்பாளரும் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தன் முன்மொழிவை எழுத்தில் கொடுக்கலாம். சலவை நேரமோ சமையல் புகையை இழுக்கும் காற்றுக்குழாயோ, உங்களை உறுத்தும் ஒன்றை எழுதிக் கொடுங்கள். இரண்டு வாக்கையும் போட்டுவிட்டு வாருங்கள். சங்கம், கோயில், பள்ளி நடத்துபவர்கள் உங்கள் யாப்பில் ஒரு விதியைச் சேருங்கள். நிர்வாகத்தில் இல்லாத இருவர், ஒருவர் கட்டாயம் பெண், ஒருவர் இங்கே வளர்ந்த இளையவர், பிணக்குகளைக் கேட்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் தெரிவு செய்யப்பட வேண்டும். முறைப்பாடு வந்த பதினான்கு நாட்களுக்குள் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும். அந்த இருவர் முன்னால் ஒரு தரப்பினர் பேசி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது. அங்கும் தீராததைப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நன்றியுரைக்கு முன்னால், ஓர் உருப்படியாக வைக்க வேண்டும். இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே இதை முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய இன்னொருவர் வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்